ஏழில்லை, ஆறு

இரும்பாலையின் உலையை மூடி
இருபது வருடம் ஆகிறது.
உலை வாயை மூடலாம் என்றவர்கள்
சரியாகத்தான் சொன்னார்கள்.
மிச்சம் இருப்பது
ஊர்.

நான் லமாரா.
பேருந்து நிலையத்தில் இரண்டாம் எண் ஜன்னல்.
திபிலிசிக்கு ஒன்று, கோரிக்கு இரண்டு,
குழந்தைக்கு அரை டிக்கெட் கிடையாது, மடியில் வைத்துக்கொள்.
இருபத்து மூன்று வருடம்
எல்லோரையும் அனுப்பிவிட்டு
உட்கார்ந்தே இருந்தேன்.
நாற்காலியை மட்டும் மூன்று முறை மாற்றினார்கள்.

மார்ச்சில் ஒரு நாள்
காசு போட்டால் ஏறும் எங்கள் லிஃப்ட்
காசை விழுங்கிவிட்டு நின்றது.
ஏழாவது மாடிக்கு
உருளைக்கிழங்குப் பையோடு ஏறினேன்.
நான்காவதில் உட்கார்ந்து
யாரோ ஒருவருடைய கதவைப் பார்த்துக்கொண்டு
அழவில்லை, மூச்சு வாங்கினேன்.
அவ்வளவுதான் காரணம்.
வேறு காரணம் தேடுகிறவர்கள்
இதை நம்புவதில்லை.

மகனுடைய பழைய ஷூ, முனையில் காகிதம் திணித்தது.
பள்ளிக்கூட மைதானம்,
வெடித்த ஓடுபாதையில் புல்.
காலை ஆறு மணி.
ஓடியது கால்வாசி, நடந்தது மீதி.
கூடவே வந்த நாய்
பாதிச் சுற்றில் அலுத்துத் திரும்பியது.

மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.
ஒன்றாம் எண் ஜன்னல் குல்நாஸி:
"யாரையாவது பிடித்திருக்கிறாயா?"
மருந்துக்கடைக்காரி, தாழ்ந்த குரலில்:
"என்ன வியாதி என்றார்கள்?"
ரொட்டிக்கடை வரிசையில் ஒருத்தி பேசவேயில்லை,
என்னை மேலிருந்து கீழாக
கோழி வாங்க வந்தவள் மாதிரி பார்த்தாள்.

நாத்தனார் நஸிப்ரோலா வீட்டில் பிறந்தநாள்.
வெண்ணெய் வழியும் ஹச்சாபுரி.
ஒரு துண்டு தின்றேன். ருசியாகவே இருந்தது.
இரண்டாவதுக்குக் கை நீட்டவில்லை.
நான் சாவுச் செய்தி சொன்னது போல
மேசை அமைதியானது.
"என் கை மாவு கசக்கிறதா?
கன்னம் ஒட்டி
உன் அம்மாவின் கடைசி மாதம் போல இருக்கிறாய்."

அம்மாவை அங்கே எடுத்திருக்கக் கூடாது.
பதில் சொல்லாமலும் இல்லை.
"உப்பை இப்படித் தள்ளு" என்றேன்.
இரவெல்லாம்
நல்ல நல்ல பதில்கள் வந்துகொண்டிருந்தன,
கடைசிப் பேருந்து போன பிறகு
மூட்டையோடு ஓடி வருகிறவர்கள் மாதிரி.

எல்லோரையும்விட மோசம் ஓத்தாரி.
மைதானத்தை ஒட்டிய இரண்டாம் மாடி பால்கனி.
ஆலையில் கிரேன் ஓட்டியவர்.
சிகரெட்டும் இருமலுமாக
விடியுமுன்பே வந்து நிற்பார்.
"லமாரா, தரை அதிர்கிறது, என் ஜாடி உடைந்தது!"
"பஸ் போய்விட்டது, இனி ஏன் ஓடுகிறாய்!"
சுற்றுக்கு ஒரு வசனம்.
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு
எண்ணுவேன்.
காதை அடைக்க எண்ணைவிட நல்ல பஞ்சு இல்லை.

அக்டோபரில் ஒரு பனிமூட்டம்.
பால்கனி தெரியவில்லை, சிகரெட்டின் முனை மட்டும்.
அந்தக் கடைசி மாதத்தை இன்னும்
மென்றுகொண்டே ஓடியதில் கணக்குப் பிசகியது.
"ஏழு" என்றேன், சத்தமாக, எனக்கே.

மேலிருந்து:
"ஏழில்லை, ஆறு.
நேற்றும் ஒன்றை முழுங்கினாய்."

நின்றேன்.
கிண்டல் இல்லை அதில்.
கிரேனிலிருந்து கீழே நிற்பவனுக்கு
எடை சொல்கிற குரல்.
"செவ்வாய்க்கிழமை ஒன்பது ஓடினாய்.
அன்றைக்கு மழை."

நன்றி சொல்லவில்லை.
உடைந்த ஜாடிகளை மறக்கவும் இல்லை.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
ஏழாவதை ஓடினேன்.

நஸிப்ரோலா இன்னும் எனக்குத்தான்
பெரிய துண்டாக வெட்டுகிறாள்.
குல்நாஸி இன்னும் அவன் பெயரைக் கேட்கிறாள்,
ஓத்தாரி என்று சொல்லி வைக்கலாமா என்றிருக்கிறது.

லிஃப்ட் சரியாகிவிட்டது.
காசு போட்டு
உருளைக்கிழங்கை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு
நான் படியில் போகிறேன்,
யார் முதலில் என்று பார்க்க.

நேற்று உருளைக்கிழங்கு ஜெயித்தது.